பதில்களுக்குப் பதில் அனுப்பக் கூடாது

காரியாலயத்து அலுமாரிக் கதவில் அந்தத் தாளை ஒட்டியவன் நான்தான். பசை சரியாகப் பிடிக்காமல் ஒரு மூலை எப்போதும் மடிந்தே கிடந்தது. மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்புவது பற்றிப் பத்து விதிகள் அதில் தட்டச்சில் இருந்தன. அவற்றை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நீளமான பாடம் அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நுவரெலியாவிலிருந்த அந்தச் சிறிய பயிற்சிக் கல்லூரியில் பியோனாகச் சேர்ந்தேன். தட்டச்சு, தையல், கணக்கு, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று நான்கு வகுப்புகள். படிக்க வந்தவர்களில் அநேகர் தோட்டத்துப் பிள்ளைகள். நானும் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். மணி அடிப்பது, கோப்பு எடுத்துப் போவது, தேநீர் கொடுப்பது, அறிவித்தல் பலகையில் தாள் குத்துவது என்று வேலை. எதற்கும் அதிகம் பேசத் தேவையில்லை. ஆட்களோடு பேசுவது எனக்கு வராது. யாராவது கேட்டால் ஒரு சொல் வரும், கேட்காவிட்டால் அதுவும் வராது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

விடுமுறை நாளில் ஒரு மாணவிக்குத் தகவல் அனுப்ப வேண்டுமானால் அந்தக் காலத்தில் துண்டுதான். காரியாலயத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் ஒரு தாளில் நான்கு வரி எழுதி மடித்துத் தருவார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தத் தோட்டத்து வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பேன். அவர் அதைத் தோட்டச் சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அது மாணவியின் தகப்பன் கைக்குப் போய்விடும். ஒரு துண்டுகூடத் தொலைந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வலப்பனை பஸ்ஸின் கண்டக்டர் சிங்களவர். கடிதத்துக்கு அவர்கள் பாஷையில் லியும, ஐயாவுக்கு மாத்தயா. என்னைத் தூரத்தில் கண்டாலே, "லியும் மாத்தயா வாறாரு! இன்னைக்கி யாரு வீட்டுல கல்யாணம்?" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்துவார். நான் துண்டைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு கல்லூரிக்கு ஒரு கைத்தொலைபேசி வந்தது. சாம்பல் நிறம், நல்ல கனம். அதில் தமிழ் எழுத்து இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்ப வேண்டும். முதல் மூன்று மாதமும் அப்போதிருந்த லிகிதர்தான் அனுப்பினாள். ஹட்டனில் பிறந்து வளர்ந்த பெண், கலகலவென்று பேசுவாள், என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அப்போது விதி ஒன்றும் இல்லை. அவளுக்குத் தோன்றியதை அனுப்புவாள்.

ஒருநாள் தையல் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. "உடனே கல்லூரிக்கு வரவும்" என்று லிகிதர் செய்தி அனுப்பினாள். வீடு பூண்டுலோயாப் பக்கம். பதிவேட்டில் இருந்த இலக்கம் தோட்டத்து லொறி டிரைவருடையது. தோட்டத்தில் தந்தி வந்தால் சாவு என்று அர்த்தம். சுகமாக இருக்கிறோம் என்று சொல்ல எவரும் தந்தி அடித்ததில்லை. காகிதத்தில் வந்தால் என்ன, போனில் வந்தால் என்ன, "உடனே வரவும்" என்ற சொல்லை எங்கள் சனம் ஒரே விதமாகத்தான் படித்தது. மத்தியானம் ஒரு கொழுந்து லொறி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். செத்துப் போனதாக அவர்கள் நினைத்த பெண் கழுத்தில் அளவு நாடாவோடு வகுப்பிலிருந்து ஓடி வந்தாள். தாய் அவளைக் கட்டிப்பிடித்து, பிறகு முதுகில் இரண்டு போட்டாள்.

"கையெழுத்துக்கா? ஒரு கையெழுத்துக்கா சாமி எங்கள இந்தப் பாடு படுத்துனீங்க?" என்றார் தகப்பன்.

"நீ கையெழுத்தப் போட்டுட்டு வந்துருவ" என்றார் லொறி டிரைவர். "கொழுந்த எறக்காம லொறிய எடுத்துக்கிட்டு வந்ததுக்கு நாளைக்கி தொரைக்கிட்ட நான் என்னத்தச் சொல்ல? ஒரு சாவாச்சும் இருந்தா சொல்லிக்கலாம்."

அடுத்த வாரமே கல்லூரித் தலைவரான அதிபர் விதிகளை எழுதினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர், குரலை உயர்த்தாதவர். எந்தச் செய்தியும் முதலில் புத்தகத்தில் எழுதி அவர் கையெழுத்து வாங்க வேண்டும். பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். காலை எட்டுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் அனுப்பக் கூடாது. "உடனே", "அவசரம்" என்ற சொற்கள் வரக் கூடாது. நோய், சாவு பற்றிச் செய்தியில் சொல்லக் கூடாது. அனுப்புகிறவர் பெயர் போடாமல் "காரியாலயம்" என்று மட்டும் முடிக்க வேண்டும். ஏழாவது, பதில்களுக்குப் பதில் அனுப்பக் கூடாது. யாரோ ஒருவன் லிகிதருக்கு "சாப்பிட்டீங்களா" என்று தினமும் அனுப்பிக்கொண்டிருந்ததால் வந்தது அது. எட்டாவது, அந்தப் போனுக்கு வரும் அழைப்பை எடுக்கக் கூடாது. ஒன்பதாவது, போன் காரியாலயத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பத்தாவது, செய்தியாக அனுப்பியதைத் துண்டாகவும் பஸ்ஸில் கொடுத்தனுப்பக் கூடாது. இரண்டு வழியாகப் போனால் ஆட்கள் குழம்பிவிடுவார்கள் என்றார்.

"பத்தோட நிறுத்திட்டாருண்ணே. அதுக்கு மேல எண்ண அவருக்கு வெரல் இல்ல, தப்பிச்சோம்" என்றாள் லிகிதர்.

ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடு வந்த விதிதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

லிகிதர் பிரசவ லீவில் போனபோது போன் என் கைக்கு வந்தது. அதிபர் புத்தகத்தில் ஆங்கில எழுத்திலேயே எழுதித் தருவார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டுவேன். ஒரு செய்திக்கு அரைமணி நேரம் ஆகும். பேச வேண்டிய தேவை இல்லாமல் எல்லோருக்கும் தகவல் சொல்லும் அந்த வேலை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஆண்டு முன்பள்ளி வகுப்பில் பதினெட்டுப் பேர். அதில் ஒருத்தி வலப்பனை ரோட்டில் ராகலைக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்துப் பெண். கரும்பலகைச் சோக்குப் பெட்டி, காகிதப் பெட்டி காலியானால் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். நான் எடுத்து வைப்பேன். அவற்றை வெட்டி ஒட்டி ஒரு ரயில் செய்துகொண்டிருந்தாள். போத்தல் மூடிகள்தான் சக்கரம். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் இலக்கம், அதற்கேற்ற எண்ணிக்கையில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டில் செய்த ஆட்கள். கடைசிச் செயன்முறைப் பரீட்சையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கண்டியிலிருந்து பரீட்சகர்கள் வருவார்கள். அதற்காகத்தான் இந்த ரயில்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள சர்டிபிகேட்டக் காட்டுனா வேல எனக்குன்னு தொரை சொல்லிட்டாருண்ணே" என்றாள் ஒருநாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அது. அங்கே இருந்த அம்மா ஓய்வு பெறப் போகிறார். "மலையில நின்னு பாத்தாலே காம்பரா வாசல் தெரியும். நான் நிக்கிறத எங்கம்மா கொழுந்து எடுத்துக்கிட்டே பாத்துக்கிரும்."

"போன் நம்பர் சரியா குடுத்திருக்கியா?" என்று கேட்டேன். நான் கேட்ட ஒரே கேள்வி.

"லயத்துல ஏதுண்ணே போனு? எங்கண்ணன் நம்பர்தான். கொழும்புல சாப்பாட்டுக் கடையில ரொட்டி போடுறான். ஞாயித்துக்கெழமைன்னா சந்திக் கடை போனுக்கு எடுப்பான். ஏதும் சேதின்னா அப்ப சொல்லிருவான்."

பரீட்சைக்கு முன் இரண்டு வாரம் வகுப்பு இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பரீட்சை வியாழக்கிழமை என்று இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் கண்டியிலிருந்து அதிபருக்குத் தகவல் வந்தது. பரீட்சகர்கள் செவ்வாய்க்கிழமையே வருகிறார்கள். அதிபர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார்: "செயன்முறை வியாழன் இல்லை. செவ்வாய் காலை 8. காரியாலயம்." பதினெட்டு இலக்கத்துக்கும் அனுப்பி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

இரண்டு மணி போல நான்கைந்து பதில்கள் வந்தன. சரி, நன்றி என்று ஒரு சொல், இரண்டு சொல். அந்தப் பெண்ணின் அண்ணன் இலக்கத்திலிருந்து வந்தது மட்டும் நீளமாக இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் முழுவதும் விளங்கியது. "நீங்க யாரு. எந்தக் காரியாலயம். தங்கச்சிக்கா. அவ தோட்டத்தில. முக்கியமா. சொல்லணுமா."

ஒரு சொல் திருப்பி அனுப்பினால் போதும். ஆம் என்று. ஏழாவது விதி கண் முன்னால் இருந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு அதிபர் அறைக்குப் போனேன். உள்ளே விரிவுரையாளர்கள் எல்லோரும் பரீட்சை ஏற்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். உள்ளே எதற்கோ சிரித்தார்கள். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பும் என்று நினைத்தபோது கை கீழே இறங்கிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்தப் போன் பத்துச் செய்திக்கு மேல் வைத்திருக்காது. வழக்கம்போல வந்த பதில்களை எல்லாம் அழித்து, போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பெண்ணின் அண்ணன் பதிலும் அதோடு போயிற்று.

வீட்டுக்கு நான் போவது வலப்பனை பஸ்ஸில்தான். ராகலையில் நான் இறங்கிக்கொள்வேன், பஸ் அவள் தோட்டச் சந்தியைத் தாண்டிப் போகும்.

"லியும் மாத்தயா!" என்றார் கண்டக்டர். "இப்ப லியும் ஒண்ணும் இல்லியா? போன் வந்து என் வேல போச்சு." டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. டிக்கெட்டின் பின்பக்கம் நாலு சொல் எழுத இடம் இருந்தது. பத்தாவது விதியை நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எப்படியும் கடைக்கு எடுப்பான், சொல்லாமலா இருப்பான் என்றும் நினைத்தேன். ராகலை வந்ததும் இறங்கினேன். டிக்கெட்டைச் சுருட்டிக் காதைக் குடைந்தபடி வீட்டுக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பதினேழு பேர் வந்தார்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் வந்தாள். நல்ல மழை. உரப் பையைப் பிரித்துத் தைத்து ரயிலை அதற்குள் வைத்துச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது, ரயிலில் ஒரு துளி இல்லை.

"யாரையும் காணோமேண்ணே. நான்தான் மொதலா?"

"உள்ள போம்மா. சேர் இருக்காரு" என்றேன். 

சிறிது நேரத்தில் அதிபர் என்னையும் கூப்பிட்டார். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். பை அவள் காலடியில் இருந்தது.

"பிள்ளை தன்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சொல்லுறா. செய்தி அனுப்பினனீர்தானே?"

"அனுப்பினேங்க சேர்."

"அந்த இலக்கத்திலையிருந்து பதில் ஏதும் வந்ததோ?"

"இல்லைங்க சேர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"இல்லைங்க சேர்."

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பதிலெண்டு ஒண்டு வந்திருந்தாலாவது, பிள்ளைக்குச் செய்தி போய்ச் சேரேல்லை எண்டு நான் கண்டிக்குச் சொல்லலாம். பரீட்சகர்மார் சனிக்கிழமை வரைக்கும் அங்கைதான் நிக்கினம். ஒரு பிள்ளைக்கு நடத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம். இப்ப நான் என்னத்தைச் சொல்லிக் கேக்கிறது?"

நான் ஏன் இல்லை என்று சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வந்தது என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. பதில் அனுப்பக் கூடாது என்பது அவர் எழுதிய விதி. வந்தது என்று சொன்னால், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பார். கதவு வரை வந்தேன், சிரித்தார்கள், திரும்பிப் போனேன் என்று சொல்ல வேண்டும். அதை அவர் முன்னாலும் அந்தப் பெண் முன்னாலும் சொல்வதை நினைக்கவே உடம்பு கூசியது. அவ்வளவுதான் காரணம். அந்தக் கூச்சத்தின் விலையை அவள் கொடுத்தாள்.

அவள் அழவில்லை. வெளியே வந்து, "அடுத்த வருசம்தானாண்ணே?" என்றாள். பிறகு பையை என்னிடம் நீட்டினாள். "இத இங்கயே வச்சிருங்க. திரும்பிப் போற பஸ்ஸில சனம் ஜாஸ்தி, நசுங்கிப்போகும்."

சனிக்கிழமை வரை நேரம் இருந்தது. வியாழன் மாலை ஒரு தடவை, வெள்ளி காலை இரண்டு தடவை அதிபர் அறை வாசலுக்குப் போனேன். மூன்றாவது தடவை அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"என்ன?"

"தேத்தண்ணி கொண்டு வரவாங்க சேர்?"

"இப்பத்தானே குடிச்சனான்" என்றார். நான் போய்விட்டேன். சனிக்கிழமையும் போய்விட்டது.

தீபாவளி கழிந்து லிகிதர் வேலைக்குத் திரும்பினாள். அலுமாரியைத் திறந்ததும் உரப் பையைப் பார்த்து அவிழ்த்தாள். "அட, ரயிலு! எம் புள்ளைக்கா அண்ணே செஞ்சீங்க?" என்று சந்தோசமாகக் கேட்டாள். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவள் ரயிலைக் கீழே வைத்தாள். "பாவி மனுசா" என்றாள் முதலில். பிறகு, "பதில் அனுப்பலன்னு ஒங்கள யாரு கேக்கப் போறா? வந்துச்சுன்னு சொல்றதுக்கு என்னண்ணே?"

"தெரியல தங்கச்சி."

"வாங்க. இப்பவே வாங்க. கதவத்தானே தட்ட முடியல? நான் தட்டித் தாரேன்."

அப்படியே செய்தாள். கதவைத் தட்டித் திறந்து என்னை உள்ளே விட்டு, சாத்திக்கொண்டு போனாள்.

நடந்ததை எல்லாம் அதிபரிடம் சொன்னேன். கடைசியில், "விதியை எழுதினது நான். பொய்யைச் சொன்னது நீர். அதுக்குப் போய் அந்தப் பிள்ளை..." என்று தொடங்கியவர் முடிக்காமல் தாளை எடுத்துக் கண்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த வேலையை அவளுக்கு வைத்திருக்க முடியுமா என்று தோட்டத்துக் காரியாலயத்துக்கும் தொலைபேசியில் பேசினார். கண்டியிலிருந்து அடுத்த ஆண்டுப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று பதில் வந்தது. பிள்ளைக் காம்பராவுக்கு வேறு தோட்டத்துப் பெண் ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். அதிபர் அலுமாரிக் கதவுக்கு வந்து, பத்தாவது விதியின் கீழே கையால் பதினொன்று என்று எழுதினார். வரும் பதில்களை அன்றைக்கே புத்தகத்தில் பதிந்து தன்னிடம் காட்ட வேண்டும் என்று. மடிந்திருந்த மூலையையும் விரலால் அழுத்திப் பார்த்தார். அது ஒட்டவில்லை.

மார்கழியில் அவள் தன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்தாள். நான்தான் கோப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"அடுத்த வருசம் பரீட்சைக்கி வரலியாம்மா?"

"இல்லண்ணே. தோட்டத்துல பேர் பதிஞ்சாச்சு. திங்கக்கெழமையிலருந்து பெரட்டு. அம்மாவோட மலைக்கிப் போறேன்."

வராந்தாவில் வேறு யாரும் இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னேன். உன் அண்ணன் பதில் அனுப்பினார், நான் படித்தேன், அழித்தேன், இல்லை என்று பொய் சொன்னேன் என்று. ஏசுவாள் என்று நின்றேன்.

"அப்ப அண்ணன் கேட்டிருக்கான்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"கேட்டேன், பதில் வரல, தப்பு நம்பர்னு விட்டுட்டேன்னு அவன் தலையில அடிச்சு சொன்னான். நாங்க யாரும் நம்பலண்ணே. காலேஜில பதிலே வரலன்னாங்களே, நீ பொய் சொல்றன்னு அப்பா ஏசிட்டாரு. இனி இந்த லயத்துப் பக்கம் வராதன்னு சொல்லிட்டாரு. தீவாளிக்கும் அவன் வரல. ஞாயித்துக்கெழம போனும் இல்ல." சான்றிதழ்களைப் பையில் வைத்து முடிச்சுப் போட்டாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொல்லியிருக்கலாம்."

"அவனுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அவன் கேட்டது நெசம்தான்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ரயிலை எடுத்துக் கொடுத்தேன். "அது இருக்கட்டும், இங்க வாற புள்ளைங்களுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

இந்தத் தடவை நானே கதவைத் தட்டினேன். இரண்டு நாள் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிபர் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "நீரே எழுதும். உம்முடைய பேரைப் போட்டு எழுதும்" என்றார். உங்கள் பதில் அன்றைக்கே வந்தது, நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை, தப்பு என்னுடையது, வீட்டில் உங்களைத் தேடுகிறார்கள் என்று எழுதினேன். கீழே என் பெயர். தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பிய பிறகு போனைக் கையில் வைத்தபடியே இருந்தேன். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பதில்களைப் பதியும் புத்தகத்தில் அந்த இலக்கத்துக்கு எதிரே ஒரு வாரம் வெறுமையாக இருந்தது. ஒரு செய்தியை அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராகலையில் வலப்பனை பஸ்ஸைப் பிடித்தேன்.

"என்ன லியும் மாத்தயா, லீவு நாள்ல எங்க?" என்றார் கண்டக்டர். தோட்டச் சந்தியின் பெயரைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

சந்திக் கடையில் கேட்டேன். அவள் தகப்பன் அங்கேயே பலகையில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு அங்கே வந்துவிடுவாராம். இனி வராதே என்று அவரேதான் சொன்னார், போன் அடிக்கிறதா என்று பார்க்க அவரேதான் வந்து உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். செய்ததைச் சொன்னேன். கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தகப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன தம்பி ஆகப்போவுது? நான்ல அவன்கிட்ட சொல்லணும்." பிறகு, "அவன் நம்பரு வச்சிருக்கீங்களா? எப்பவும் அவன்தான் எடுப்பான். எனக்குத் தெரியாது" என்றார்.

டிக்கெட்டின் பின்பக்கம் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் அதைப் பார்த்துச் சுழற்றி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தார்.

"ரிங் போவுது" என்றார் அவர், எங்களைப் பார்க்காமல்.

போய்க்கொண்டே இருந்தது. கடைக்காரர் வைக்கச் சொன்னார். தகப்பன் வைக்கவில்லை. நின்றதும் மறுபடி எடுத்துத் தரச் சொன்னார். திரும்பிப் போகும் பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. நான் ஏறியபோதும் அவர் ரிசீவரைக் காதோடு வைத்து, இன்னொரு கையில் அந்த டிக்கெட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அடுத்து வந்த பொங்கலுக்கு அவர் மகன் வந்ததாகக் கண்டக்டர்தான் பிறகு சொன்னார். காலையில் இறங்கியவர் மத்தியானப் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம். வழியனுப்பத் தகப்பன் சந்திவரை வந்தாராம். பேசிக்கொண்டார்களா என்று கேட்டேன். "அது தெரியாது. பஸ்ஸுல சனம்" என்றார்.